பேலினுக்குப் போகாத ஓட்டு: அலாஸ்கா இடைத்தேர்தல், 2022

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் அலாஸ்கா மாநிலத்துக்கு ஒரே ஒரு இடம்தான். பரப்பில் தமிழ்நாட்டைப் போல 13 மடங்கு பெரிய மாநிலம் அது. ஆனால் 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 7,33,391. தமிழ்நாட்டின் சராசரி மக்களவைத் தொகுதியில் பாதிகூடத் தேறாது. அந்த ஒற்றை நாற்காலியில் 49 வருடம் உட்கார்ந்திருந்தவர் குடியரசுக் கட்சியின் டான் யங். 2022 மார்ச் 18 அன்று லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து சியாட்டிலுக்குப் போய்க்கொண்டிருந்த விமானத்தில் அவர் காலமானார். வயது 88. அலாஸ்காவின் வாக்காளர்களில் பெரும்பாலோருக்கு வேறொரு உறுப்பினரைப் பார்த்த நினைவே கிடையாது.

அதன் பிறகு ஐந்தரை மாதத்தில் நடந்ததைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். குடியரசுக் கட்சியின் இரண்டு வேட்பாளர்களும் (ஒருவர் முன்னாள் ஆளுநர் சாரா பேலின்) சேர்ந்து வாங்கிய முதல் சுற்று ஓட்டு கிட்டத்தட்ட 60 சதவீதம். ஆனால் வென்றது ஜனநாயகக் கட்சியின் மேரி பெல்டோலா. தேர்தல் முறையே மோசடி என்று ஒரு தரப்பு சொன்னது, அந்த முறைக்குக் கிடைத்த வெற்றி இது என்றது இன்னொரு தரப்பு. எண்களை எடுத்து வைத்துப் பார்த்தால், நம் ஊர்க் கூட்டணிக் கணக்குகளைக் கவனித்துப் பழகியவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த கதைதான். ஒருவருடைய ஓட்டு இன்னொருவருக்கு மாறுமா, மாறாதா என்பதே கேள்வி.

காணாமல் போன விமானம்

யங் அந்த இடத்துக்கு வந்ததும் இடைத்தேர்தல் வழியாகத்தான். 1972 அக்டோபர் 16 அன்று ஆங்கரேஜிலிருந்து ஜூனோவுக்குப் புறப்பட்ட ஒரு சிறிய விமானம் வழியில் மறைந்துபோனது. அதில் இருந்தவர்கள் அன்றைய அலாஸ்கா உறுப்பினர் நிக் பெகிச், அவருக்குப் பிரசாரம் செய்ய வந்திருந்த சபையின் பெரும்பான்மைக் கட்சித் தலைவர் ஹேல் பாக்ஸ், ஓர் உதவியாளர், விமானி. விமானம் இன்றுவரை கிடைக்கவில்லை. மூன்று வாரம் கழித்து நடந்த பொதுத்தேர்தலில், ஆள் எங்கே என்றே தெரியாத பெகிச் வென்றார். அவரிடம் தோற்றவர் டான் யங்.

பெகிச் இறந்துவிட்டதாக அறிவிக்கப்பட்ட பிறகு, 1973 மார்ச்சில் இடைத்தேர்தல் வந்தது. யங்கை எதிர்த்து ஜனநாயகக் கட்சி நிறுத்தியது எமில் நாட்டியை. அலாஸ்கா பூர்வகுடி அமைப்புகளின் கூட்டமைப்புக்கு முதல் தலைவராக இருந்தவர் அவர். வெறும் 1,900 சொச்சம் ஓட்டில் தோற்றார். அந்த ஓட்டு இந்தப் பக்கம் திரும்பியிருந்தால் அலாஸ்காவின் பூர்வகுடி ஒருவர் 1973இலேயே சபைக்குப் போயிருப்பார். அது நடக்க இன்னும் 49 வருடம் ஆனது.

காணாமல் போன பெகிச்சின் குடும்பம் அரசியலை விடவில்லை. மகன் மார்க் பெகிச் ஜனநாயகக் கட்சி சார்பில் செனட்டர் ஆனார். பேரன் நிக் பெகிச் (தாத்தா பெயர்தான்) மட்டும் எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சிக்குப் போனார். 2020இல் யங்கின் பிரசாரக் குழுவில் இணைத்தலைவராக இருந்துவிட்டு, 2021இல் யங்கையே எதிர்த்து நிற்கப் போவதாக அறிவித்தார். யங் இறந்தபோது களத்தில் ஏற்கெனவே தயாராக இருந்த ஆள் அவர்தான்.

புதுச் சட்டத்தின் முதல் சோதனை

செனட் இடம் காலியானால் பல மாநிலங்களில் ஆளுநரே தற்காலிகமாக ஒருவரை நியமிக்கலாம். பிரதிநிதிகள் சபையில் அது முடியாது. தேர்தல் நடத்தித்தான் ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் முதல் கூறு. ஆக, மிச்சமிருந்த ஒன்பது மாதப் பதவிக்காலத்துக்கும் தேர்தல் நடத்தியே தீர வேண்டும்.

அந்த நேரம் பார்த்து அலாஸ்காவின் தேர்தல் முறையும் மாறியிருந்தது. 2020 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பு ஒன்று, சுமார் 3,800 ஓட்டு வித்தியாசத்தில், ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடத்தும் கட்சிவாரி முதனிலைத் தேர்தலை ஒழித்துவிட்டது. இனி எல்லாக் கட்சியினரும் ஒரே முதனிலைத் தேர்தலில் நிற்பார்கள். வாக்காளர் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார். முதல் நான்கு இடம் பிடிப்பவர்கள் இறுதிக்குப் போவார்கள். இறுதியில் வாக்காளர் 1, 2, 3 என்று வரிசை போடுவார். யாரும் பாதியைத் தாண்டாவிட்டால் கடைசி ஆளை நீக்கிவிட்டு, அவருடைய ஓட்டுகளை அதில் குறித்திருக்கும் அடுத்த விருப்பத்துக்கு மாற்றுவார்கள்.

தமிழ் வாசகர்களுக்கு இது ஒன்றும் அந்நியமில்லை. இலங்கையில் ஜனாதிபதித் தேர்தலின் விருப்பு வாக்கு கிட்டத்தட்ட இதே வகை. அங்கே 2024இல்தான் முதன்முறையாக இரண்டாம் விருப்பத்தை எண்ண வேண்டி வந்தது. இந்தியாவில் குடியரசுத் தலைவர் தேர்தலும் இப்படித்தான் எண்ணப்படுகிறது. 1969இல் வி.வி.கிரி வென்றது இரண்டாம் விருப்ப ஓட்டுகளை எண்ணிய பிறகே. ஆனால் அலாஸ்காக்காரர்களுக்கு இது புத்தம் புதுசு. ஒத்திகை பார்க்கவும் நேரமில்லை.

48 பேரும் ஒரு சாண்டா கிளாஸும்

முதனிலைக்கு 48 பேர் மனு போட்டார்கள். அதில் சாண்டா கிளாஸ் ஒருவர். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, சட்டப்படி மாற்றிக்கொண்ட பெயர் அது. நார்த் போல் என்ற ஊரின் நகர சபை உறுப்பினர். மிச்சக் காலத்துக்கு மட்டும் இருந்துவிட்டுப் போகிறேன், முழுப் பதவிக்காலத்துக்கு நிற்க மாட்டேன் என்றார். ஆறாவது இடம் வந்தார்! இடைத்தேர்தல் என்றால் வேட்பாளர் பட்டியல் நீளும் என்பது நமக்குத் தெரியும்தான், என்றாலும் இது கொஞ்சம் அதிகம்.

வாக்குச்சாவடி ஊழியர்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுக்க அவகாசமில்லாததால் முதனிலை முழுவதும் தபாலில் நடந்தது. ஏப்ரல் கடைசியில் வாக்குச்சீட்டுகளை அனுப்ப ஆரம்பித்தார்கள், தேர்தல் நாள் ஜூன் 11. பார்வையற்றவர்கள் யாருடைய உதவியும் இல்லாமல் வாக்களிக்க வழியில்லை என்று ஒரு வழக்கு வந்தது. கீழ் நீதிமன்றம் முடிவைச் சான்றளிக்கத் தடை போட்டது. தேர்தல் நாளன்று மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது.

முதலிடம் 27 சதவீதத்துடன் சாரா பேலின். 2008இல் துணை அதிபர் வேட்பாளராக நாடு முழுக்க அறியப்பட்டவர், முன்னாள் ஆளுநர், இந்த முறை டிரம்பின் ஆதரவும் அவருக்குத்தான். இரண்டாவது நிக் பெகிச், 19 சதவீதம். மாநிலக் குடியரசுக் கட்சி அமைப்பு அவரை ஆதரித்தது. மூன்றாவது சுயேச்சை அல் கிராஸ், சுமார் 12.6. நான்காவதாக, 10 சதவீதத்தைத் தொட்டு உள்ளே வந்தவர் மேரி பெல்டோலா.

அப்புறம் கிராஸ் திடீரென்று விலகினார். ஐந்தாவது இடத்தில் இருந்தவர் டாரா ஸ்வீனி. டிரம்ப் ஆட்சியில் பூர்வகுடி விவகாரங்களைக் கவனித்த உயர் அதிகாரி, குடியரசுக் கட்சிக்காரர், அவரும் பூர்வகுடிதான். அவரை மேலே ஏற்ற வேண்டும் என்று ஒரு தரப்பு கேட்டது. முடியாது என்றது தேர்தல் துறை. விலகல் தேர்தலுக்கு 64 நாளுக்கு முன்பே நடந்திருந்தால்தான் அடுத்தவரை ஏற்றலாம் என்பது சட்டம். கிராஸ் சுமார் ஒரு வாரம் பிந்திவிட்டார். மாநில உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

எனக்கு இதில் இடிக்கும் விஷயம் ஒன்று உண்டு. ஆகஸ்ட் 16க்கு 64 நாள் முன்பு என்றால் ஜூன் 13. முதனிலை நடந்ததே ஜூன் 11. தபால் ஓட்டுகள் வந்துகொண்டே இருந்தன, நான்கு பேர் யார் என்பதே உறுதியாகவில்லை. அதற்குள் கெடு முடிந்துவிட்டது. வழக்கமான தேர்தலுக்கு, இடையில் பல வாரம் இருக்கும் என்று எண்ணி எழுதிய விதி. அதை அவசர இடைத்தேர்தலுக்குள் திணித்தபோது பயனில்லாமல் போனது. விளைவு, நான்கு பேர் போட்டியிட வேண்டிய களத்தில் மூன்றே பேர்.

மூன்று பேர், இரண்டு சண்டைக்காரர்கள்

பெல்டோலா யூப்பிக் இனத்தவர். சாலை வழியாகப் போகவே முடியாத, கஸ்கோக்விம் ஆற்றங்கரை ஊரான பெத்தலைச் சேர்ந்தவர். மாநிலச் சட்டமன்றத்தில் பத்து வருடம் இருந்தார், பிறகு அந்த ஆற்றின் மீன்வளத்தைக் காக்கப் பழங்குடி அமைப்புகள் சேர்ந்து நடத்தும் ஆணையத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். மீன், குடும்பம், சுதந்திரம் என்பதுதான் அவருடைய முழக்கம். துப்பாக்கி வைத்திருப்பவர், எண்ணெய்த் தொழிலை எதிர்க்காதவர். கருக்கலைப்பு உரிமையை ஆதரித்தவர் மூவரில் அவர் மட்டுமே. அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த உரிமையை ரத்து செய்தது ஜூன் 24 அன்று, கிராஸ் விலகிய சில நாட்களில்.

இன்னொரு விஷயம், அவர் யாரையும் திட்டவில்லை. பேலினும் அவரும் பழைய சிநேகிதிகள். ஒருவர் ஆளுநராகவும் மற்றவர் சட்டமன்ற உறுப்பினராகவும் ஜூனோவில் இருந்த காலத்தில் இருவரும் ஒரே சமயத்தில் கர்ப்பமாக இருந்தார்கள். ஆளுநர் மாளிகையைக் காலி செய்தபோது, கொல்லையில் பிள்ளைகள் குதித்து விளையாடும் டிராம்போலினை பெல்டோலா வீட்டுக்குக் கொடுத்துவிட்டுப் போனார் பேலின். தேர்தல் நேரத்திலும் இருவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் நல்லவிதமாகவே பேசினார்கள்.

ஒரே கட்சிக்காரர்களான பேலினும் பெகிச்சும்தான் அடித்துக்கொண்டார்கள். சுயவிளம்பரத்துக்காக அரசியல் செய்பவர் பேலின் என்று பெகிச் தரப்பு விளம்பரம் போட்டது. 2009இல் பதவிக்காலம் முடியும் முன்பே ஆளுநர் பதவியை விட்டவர் என்ற குறை வேறு பேலினைத் துரத்திக்கொண்டிருந்தது. பேலின் பதிலுக்குப் பெகிச்சை எதிர்மறை ஆள் என்று பட்டப்பெயர் வைத்தே கூப்பிட்டார். கட்சி அமைப்பு மட்டும், நம் ஆட்கள் இருவரையும் வரிசையில் குறியுங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருந்தது. பேலினோ வரிசை போடும் முறையையே மேடைக்கு மேடை கிண்டலடித்தார். தலைவர் இப்படிப் பேசும்போது தொண்டர் எதற்காக இரண்டாவது கட்டத்தை நிரப்பப் போகிறார்?

ஆகஸ்ட் 16 அன்று வாக்குச்சீட்டின் ஒரு பக்கம் இந்த இடைத்தேர்தல், வரிசை போட வேண்டும். மறுபக்கம் நவம்பர் பொதுத்தேர்தலுக்கான முதனிலை, ஒருவரை மட்டும் குறிக்க வேண்டும். அதே மூவரும் இரண்டு பக்கத்திலும் இருந்தார்கள். புது முறையின் முதல் நாளிலேயே இப்படி ஒரு பரீட்சை.

எண்ணிக்கை

வெளிநாட்டிலிருந்து வரும் தபால் ஓட்டுக்கு 15 நாள் அவகாசம் உண்டு. அதனால் இறுதிக் கணக்கு ஆகஸ்ட் 31 அன்றுதான் நேரலையில் வந்தது. அன்று பெல்டோலாவின் 49ஆவது பிறந்தநாள். யங் முதன்முதலில் சபைக்குப் போன வருடம் பிறந்தவர் அவர்.

முதல் சுற்றில் பெல்டோலா 75,799. பேலின் 58,973. பெகிச் 53,810. பெகிச் நீக்கப்பட்டார்.

இனிதான் முக்கியமான இடம். பெகிச்சின் 53,810 ஓட்டில் பேலினுக்குப் போனது 27,053, பாதிக்கு ஒரு துளி மேல். பெல்டோலாவுக்குப் போனது 15,467. மீதி 11,290 சீட்டில் அடுத்த விருப்பம் எதுவும் இல்லை, எண்ணிக்கையிலிருந்து கழன்றுவிட்டன. இறுதியில் பெல்டோலா 91,266, பேலின் 86,026. வித்தியாசம் 5,240.

வரிசை போடாமல் விட்ட 11,290 பேர்தான் பேலினைத் தோற்கடித்தார்கள் என்று அப்போது பரவலாகப் பேசப்பட்டது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்த 11,290 பேரும், வரிசை போட்ட மற்ற பெகிச் ஆதரவாளர்களைப் போலவே பிரிந்திருப்பார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேலினுக்குச் சுமார் 7,180, பெல்டோலாவுக்குச் சுமார் 4,110. பேலினுக்கு நிகர லாபம் 3,070 போல. அப்போதும் அவர் 2,000 ஓட்டுக்கு மேல் பின்தங்கித்தான் இருப்பார். இந்த அளவுக்குச் சீட்டுகள் கழன்றதும் பெரிய அதிசயமில்லை. இலங்கையில் 2024இல், நீக்கப்பட்ட வேட்பாளர்களின் ஓட்டில் மிகச் சிறிய பங்குதான் இரண்டாம் எண்ணிக்கையில் மாறியது. அதோடு ஒப்பிட்டால் அலாஸ்காவில் ஐந்தில் நான்கு பேர் அடுத்த விருப்பத்தைக் குறித்திருக்கிறார்கள். முதல் தடவைக்கு நல்ல கணக்கு.

ஆக, பேலினைத் தோற்கடித்தது வெற்றுக் கட்டங்கள் இல்லை, நிரப்பிய கட்டங்கள். தன் கட்சிக்காரருக்கு முதல் ஓட்டுப் போட்டுவிட்டு, இரண்டாவதாக எதிர்க்கட்சிப் பெண்ணைத் தெரிந்தே குறித்த 15,467 பேர்.

முறைமீது வைக்கக்கூடிய நியாயமான குறை

இதனால் இந்த முறையில் குறையே இல்லை என்று ஆகிவிடாது. குறை வேறு இடத்தில் இருக்கிறது. தேர்தல் துறை பின்னர் வெளியிட்ட சீட்டுவாரிப் பதிவுகளை வைத்துக் கணக்கிட்டால், பெகிச்சும் பெல்டோலாவும் மட்டும் நேருக்கு நேர் மோதியிருந்தால் பெகிச் சுமார் 8,000 ஓட்டில் ஜெயித்திருப்பார். பேலினோடு மோதியிருந்தால் இன்னும் எளிதாக ஜெயித்திருப்பார். இரண்டு பேரையும் தனித்தனியே வீழ்த்தக்கூடியவர் மூன்றாவதாக வந்து முதலில் வெளியேறினார். எல்லோருக்கும் இரண்டாவது விருப்பமாக இருப்பவருக்கு, முதல் விருப்பம் போதாவிட்டால் இதுதான் கதி.

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. பேலினுக்கும் பெகிச்சுக்கும் இடையே 5,163 ஓட்டுதான். பேலினை முதலாகவும் பெகிச்சை இரண்டாவதாகவும் குறித்தவர்களில் அதைவிடச் சற்று அதிகமானோர் அன்று வீட்டிலேயே இருந்திருந்தால், பேலின் முதலில் வெளியேறி, மிச்ச ஓட்டுகள் பெகிச்சுக்குப் போய், அவர் வென்றிருப்பார். அதாவது வந்து வாக்களித்ததாலேயே தங்களுக்குப் பிடிக்காத ஆளை அனுப்பிவைத்துவிட்டார்கள். தேர்தல் முறைகளைப் படிப்பவர்கள் இந்த உதாரணத்தை இன்னும் விடவில்லை.

ஆனால் பழைய முறை பேலினைக் காப்பாற்றியிருக்கும் என்ற வாதம் மட்டும் எனக்கு ஒட்டவில்லை. அதிக ஓட்டு வாங்கியவர் வெற்றி என்றால் 40 சதவீதத்துடன் பெல்டோலாதான். கட்சிக்குள் முதலில் ஒருவரைத் தேர்ந்தெடுத்திருந்தால், முதனிலை எண்களைப் பார்க்கும்போது அது பேலினாகத்தான் இருந்திருக்கும். பேலினும் பெல்டோலாவும் மோதினால் என்ன ஆகும் என்பதைத்தான் இறுதிச் சுற்று காட்டியதே.

பிறகு

செப்டம்பர் 13 அன்று பெல்டோலா பதவியேற்றார். அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போன முதல் அலாஸ்கா பூர்வகுடி. யங் அவருடைய தந்தையின் நண்பர். யங்கின் அலுவலகத் தலைமை அதிகாரியையே, அவர் குடியரசுக் கட்சிக்காரர் என்றாலும், தன் அலுவலகத்திலும் வைத்துக்கொண்டார்.

தோற்ற கையோடு பேலின் செய்த வேலை, நவம்பர் போட்டியிலிருந்து விலகச் சொல்லிப் பெகிச்சைக் கேட்டது. ஜெயிக்க முடியாத ஆள் நீங்கள்தான், நான் ஏன் விலக வேண்டும் என்பது பெகிச்சின் பதில். இருவரும் நின்றார்கள், இருவரும் தோற்றார்கள். பெல்டோலா இந்த முறை இறுதிச் சுற்றில் சுமார் 55 சதவீதம்.

2024இல் பாடம் ஏறியிருந்தது. முதனிலையில் பெகிச்சுக்குப் பின்னால் வந்த துணை ஆளுநர் நான்சி டால்ஸ்ட்ராம் மரியாதையாக விலகிக்கொண்டார். நான்காவதாக வந்த குடியரசுக் கட்சிக்காரரும் விலகினார். இந்தத் தடவை 64 நாள் கெடுவுக்கு முன்பே. அதனால் 2022இல் ஸ்வீனிக்குக் கிடைக்காத ஏற்றம் கீழே இருந்தவர்களுக்குக் கிடைத்தது. அப்படி இறுதிப் பட்டியலுக்குள் வந்தவர்களில் ஒருவர் ஜனநாயகக் கட்சிக்காரர் என்று பதிவு செய்துகொண்டு, நியூயார்க் மாநிலத்தில் கூட்டாட்சிச் சிறையில் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்தவர். அவர் பெயரை நீக்க ஜனநாயகக் கட்சி வழக்குப் போட்டுத் தோற்றது.

நவம்பரில் பெகிச் 51 சதவீதத்துக்குச் சற்று மேல் வாங்கி பெல்டோலாவை வென்றார். அதே நாளில் வரிசை முறையை ஒழிக்கும் வாக்கெடுப்பும் நடந்தது. மறு எண்ணிக்கைக்குப் பிறகு 743 ஓட்டு வித்தியாசத்தில் அந்த முறை பிழைத்தது. 2025 ஜனவரி 3 அன்று, தாத்தா திரும்பி வராத அந்த இடத்தில், வேறு கட்சியின் உறுப்பினராகப் பேரன் பதவியேற்றார்.